ரைஸின் இரண்டு கோலும் லொத்தரா? ஆர்சனல் 3, ரியல் மட்ரிட் 0

09.04.2025, அதிகாலை 3.05 (தெஹிவளை வாசகர் ஒருவரின் கேள்வி)

அண்ணா, முதலில் வாழ்த்து. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். ஒரே ஆள் இரண்டு ஃப்ரீ கிக்கை அப்படிப் போடுவதெல்லாம் லொத்தர் விழுந்த மாதிரி. அது இல்லாவிட்டால் 0-0. நான் மட்ரிட் ரசிகன் என்பதால் சொல்லவில்லை. இதை வைத்து ஆர்சனல் நன்றாக விளையாடியது என்று எப்படிச் சொல்வீர்கள்?

09.04.2025, காலை 5.40

தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

லொத்தர் இல்லை தம்பி. உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிற கணக்கை நானே தருகிறேன்: இந்த இரவுக்கு முன் 338 போட்டிகள் ஆடிய டெக்லன் ரைஸ், ஒரு ஃப்ரீ கிக்கைக்கூட நேரடியாகக் கோலாக்கியதில்லை. 58ஆவது நிமிடத்தில் ஒன்று, 70ஆவது நிமிடத்தில் இன்னொன்று. சாம்பியன்ஸ் லீக் நொக்கவுட் போட்டி ஒன்றில் இரண்டு ஃப்ரீ கிக் கோல் போட்ட முதல் ஆள் அவர்தான். அடித்த அடி அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த இடத்தில் அந்த ஃப்ரீ கிக் ஏன் கிடைத்தது என்று பாருங்கள். முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் ரைஸ் தலையால் முட்டியதையும் உடனே மார்டினெல்லி அடித்ததையும் மட்ரிட் கோல்காப்பாளர் கோர்ட்டுவா அடுத்தடுத்துத் தடுத்தார். இரண்டு ஃப்ரீ கிக்குகளுக்கும் நடுவில் மட்ரிட்டின் அலாபா கோல் கோட்டில் நின்று ஒன்றை வெளியேற்றினார். 75ஆவது நிமிடத்தில் மெரினோ போட்டது ஃப்ரீ கிக்கே இல்லை. எங்கள் கோல்காப்பாளர் ரயாவுக்கு இரவு முழுக்க வேலையே இருக்கவில்லை. இது 0-0 போட்டியா?

வேலைக்குப் போகவேண்டும். மிச்சம் பிறகு.

09.04.2025, மதியம் 1.15

புறக்கோட்டையில் சாப்பாட்டுக்கடை. பரிமாறுகிற பையன் குசினிப் பக்கம் திரும்பி "ரெண்டு ரைஸ்!" என்று கத்தினான். அடுத்த மேசையில் சிவப்பு ஜெர்சி போட்டிருந்த இருவர் எழுந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தான்.

09.04.2025, இரவு 9.30

ஒரு திருத்தம். ரயாவுக்கு வேலையே இல்லை என்று காலையில் எழுதியது தவறு. பஸ்ஸில் வரும்போது போனில் சுருக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். முதல் பாதியில் மட்ரிட்டின் எம்பாப்பேக்கு நல்ல வாய்ப்பு ஒன்று கிடைத்தது, ரயா தடுத்தார். அது உள்ளே போயிருந்தால் நாங்கள் வேறு போட்டியைப் பேசிக்கொண்டிருப்போம். கோல் விழுந்த சந்தோஷத்தில் முதல் அரை மணி நேரத்தையே மறந்துவிட்டேன்.

10.04.2025, இரவு 10.20

இதைக் கொஞ்சம் நீட்டி எழுதவேண்டும்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில். போட்டி தொடங்கியது 12.30க்கு. அம்மாவும் மகளும் முன்னறையில் படுக்கிறார்கள், டிவியும் முன்னறையில்தான். அதனால் சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்துவிட்டுப் பார்த்தேன். வர்ணனை இல்லை, ரசிகர்களின் கூச்சல் இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம், அம்மாவின் குறட்டை, அவ்வளவுதான்.

சத்தம் இல்லாமல் பார்க்கும்போது கண் வேறு இடத்துக்குப் போகிறது. வர்ணனையாளர் பந்து வைத்திருப்பவரின் பெயரைச் சொல்லச் சொல்ல நாமும் பந்தையே பார்ப்போம். சொல்ல ஆள் இல்லாதபோது பந்து இல்லாதவர்கள் தெரிகிறார்கள். என் கண்ணில் பட்டவர் எங்கள் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாளர், மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி. வயது 18.

அந்தப் பொடியன் லெஃப்ட் பேக் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவே இல்லை. பந்து எங்களிடம் வந்தவுடன் கோட்டை விட்டு நடுக்களத்துக்குள் வருகிறான். முதுகில் ஆள் ஒட்டி நிற்கும்போதே பந்தை வாங்கி, தோளால் தாங்கிக்கொண்டு அப்படியே சுழல்கிறான். மட்ரிட்டின் நடுக்களத்தில் இருந்தவர் 39 வயது மொட்ரிச். அவர் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் கூடுதலாக நின்றால் அவரும் என்ன செய்வார்? யாரைப் பிடிப்பது என்று அவர்கள் முடிவு செய்வதற்குள் பந்து வலது பக்கம் சாக்காவிடம் போய்விடுகிறது. சாக்காவை நிறுத்த வழி இல்லாமல் விழுத்துகிறார்கள். அப்படி விழுத்தியதில் வந்ததுதான் முதல் ஃப்ரீ கிக்.

லொத்தர் என்று நீங்கள் சொன்னதற்கு என் பதில் இதுதான். சீட்டு எங்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை.

மகள் விழித்தது இரண்டாவது கோலுக்கு. நான் சத்தம் போடவில்லை, கதிரைதான் விழுந்துவிட்டது. "அப்பா, யார் செத்தது?" என்று கேட்டாள். ஒருவரும் சாகவில்லை, கோல் என்றேன். திரும்பக் காட்டியதை என் மடியில் இருந்து பார்த்தாள். பந்து மேல்மூலையில் போய் விழுந்ததும், "அந்த உயரமான மாமா ஏன் பிடிக்கேல்ல?" என்றாள். அந்த உயரமான மாமாவால் பிடிக்கமுடியாத இடம் அது என்று சொன்னேன்.

10.04.2025, இரவு 11.45

ரைஸ் முதல் ஃப்ரீ கிக்கை உள்ளே தூக்கிப் போடுவதாகத்தான் இருந்ததாம். போட்டி முடிந்தபின் அவரே சொல்லியிருக்கிறார். சுவராக வரிசையில் நின்ற மட்ரிட் வீரர்களையும் கோர்ட்டுவா நின்ற இடத்தையும் பார்த்து மனம் மாறினார். பந்து சுவருக்கு வெளிப்பக்கமாகப் போய் வளைந்து கம்பத்துக்கு உள்ளே வந்தது. வளைகிற ஃப்ரீ கிக்குக்குப் பேர்போன முன்னாள் மட்ரிட் வீரர் ரொபேர்ட்டோ கார்லோஸ் பார்வையாளர் அரங்கில் உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரி வளைவுக்கு உலகத்தில் யாராவது சாட்சி சொல்லவேண்டும் என்றால் அவர்தான்.

11.04.2025, இரவு 8.00

ரொபேர்ட்டோ கார்லோஸ் என்றதும் 2006 ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது 21 வயது, கொட்டாஞ்சேனையில் இருந்தோம். பெப்ரவரி 21, மட்ரிட்டின் சொந்த மைதானம். சிடான், ரொனால்டோ, பெக்கம், ரொபேர்ட்டோ கார்லோஸ் எல்லாரும் ஆடினார்கள். ஹென்றி நாலு பேரைக் கடந்து ஓடிப்போய் போட்ட ஒற்றைக் கோலில் வென்றோம். இங்கே நேரம் அதிகாலை 1.15. பெரியப்பா வீட்டுச் சின்ன டிவியில் ஆறு பேர் பார்த்தோம்.

எல்லாரும் ஹென்றியின் ஓட்டத்தைச் சொல்வார்கள். அன்றைக்கு எங்கள் லெஃப்ட் பேக் யார்? மத்தியூ ஃப்ளமினி. நடுக்கள வீரர். அந்த இடத்துக்கு உரிய ஆட்கள் காயப்பட்டிருந்ததால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த வருடம் சாம்பியன்ஸ் லீக்கில் தொடர்ந்து 10 போட்டிகளில் எங்களுக்கு எதிராக ஒரு கோலும் விழவில்லை. ஃப்ளமினி நின்ற பின்வரிசைக்கு அதில் பெரிய பங்கு.

லூயிஸ்-ஸ்கெல்லியும் நடுக்கள வீரராக வளர்ந்தவன்தான். அவன் பிறந்தது 2006 செப்டெம்பர். ஹென்றி அந்தக் கோலைப் போட்டு ஏழு மாதம் கழித்து. இதை எழுதும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. 19 வருடத்துக்கு முதல் கொட்டாஞ்சேனையில் அந்தத் தரையில் பக்கத்தில் இருந்து பார்த்த ஆறு பேரில் இன்றைக்குக் கொழும்பில் இருப்பது நான் மட்டும்தான்.

11.04.2025, இரவு 10.10

ஒருவர் நேரத்தைத் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கை நேரம் அரை மணி முன்னே இருந்தது. புத்தாண்டோடு சேர்த்துத்தான் பழையபடி மாற்றினார்கள். ஆகவே அந்தப் போட்டி எங்களுக்கு 1.15க்கு இல்லை, 1.45க்கு. மே மாதம் பாரிஸில் பார்சலோனாவிடம் 2-1 என்று தோற்ற இறுதிப்போட்டிதான் புது நேரத்தில், 12.15க்கு. அந்தப் போட்டியைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

12.04.2025, போயா, மாலை 4.30

லீவு என்பதால் முழுப் போட்டியையும் மறுபடி பார்த்தேன், இந்த முறை சத்தத்தோடு. சில விடயங்கள்.

லெஃப்ட் பேக்கைப் பற்றியே எழுதி மற்றப் பக்கத்துக்கு அநியாயம் செய்துவிட்டேன். மட்ரிட் விங்கர் வினிசியஸுக்கு எதிரே நின்றவர் எங்கள் டிம்பர். வினிசியஸ் இரண்டு மூன்று தடவை வெட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பின்னுக்குப் போய்ப் பந்து வாங்கத் தொடங்கினார். ஒரு விங்கர் தன் பக்கத்தை விட்டுவிட்டு உள்ளே வந்து பந்து கேட்டால், எதிரே நிற்பவன் வேலையைச் செய்துவிட்டான் என்று அர்த்தம்.

கிவியோர். எங்கள் பின்கள வீரர் கப்ரியேல் காயப்பட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்குப் பதில் இவர் வருகிறார் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எம்பாப்பே இவரை ஓடவிட்டே முடித்துவிடுவார் என்று போட்டிக்கு முன் இங்கேயே எழுதியிருந்தேன். அவர் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. பந்து வந்தால் அடித்தார், வராவிட்டால் சலிபாவுக்குப் பின்னால் போய் நின்றார். கிவியோரைப் பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மெரினோ. முன்கள வீரர்கள் ஹவேர்ட்ஸும் ஜேசுஸும் இல்லாமல், நடுக்கள வீரரை முன்னுக்கு நிறுத்தி பெப்ரவரியில் இருந்து ஓட்டுகிறோம். மூன்றாவது கோலைப் பாருங்கள். வாங்கி நிறுத்தி அடிக்கவில்லை, வந்த பந்தை வந்தபடியே அடித்தார். கொடுத்தது யார்? லெஃப்ட் பேக்.

ஒடெகார்ட் அன்று அவ்வளவு பிரகாசிக்கவில்லை. பதின்ம வயதில் மட்ரிட் வாங்கி, நிரந்தர இடம் கொடுக்காமல் விட்ட ஆள். அவர் ஒரு கோலாவது போடவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் ஓடினார், நிறைய ஓடினார். கடைசி நிமிடங்களில் மட்ரிட்டின் கமவிங்கா பந்தைத் தட்டிவிட்டு இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். ஓடிக் களைத்த அணிக்குத்தான் அப்படிப் பொறுமை போகும்.

13.04.2025, காலை 11.00

ஏன் லெஃப்ட் பேக் லெஃப்ட் பேக் என்று சாகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் லெஃப்ட் பேக். அதாவது, இருந்தேன்.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்த பொடியன்களுக்கு சுகததாச விளையாட்டரங்கு நடந்து போகிற தூரம். 1995இல் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்றபோது எனக்குப் பத்து வயது. எங்கள் மொட்டைமாடியில் நின்றே அந்தச் சத்தம் கேட்டது. மேலதிக நேரத்துத் தங்க கோல், விழுந்ததும் போட்டி முடிந்துவிடும். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் நான் பந்து உதைக்கத் தொடங்கினேன்.

2001இல் பாடசாலை அணிக்கு ஆடினேன். ஒரு காலிறுதி. 0-0, முடிய ஐந்து நிமிடம் இருக்கவில்லை. எதிர் அணி வலது விங்கர் பக்கத்தில் நின்று ஓங்கி அடித்தான். நான் முகத்தைத் திருப்பினேன், கை மேலே போனது. பந்து முழங்கைக்குக் கீழே பட்ட இடம் இப்போதும் தெரியும், சுள்ளென்று. பெனால்டி. எங்கள் கோல்காப்பாளர் என் வகுப்பு நண்பன். அவன் மற்றப் பக்கம் பாய்ந்தான். 1-0, முடிந்தது.

பயிற்சியாளர் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த பருவம் பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஏன் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. 16 வயதில் சப்பாத்தைக் கழற்றினேன், பிறகு போடவில்லை.

அதனால் 18 வயதுப் பொடியன் ஒருவன் ரியல் மட்ரிட்டுக்கு எதிரே அந்த இடத்தில் நிற்கும்போது நான் அவனைத்தான் பார்ப்பேன். இது நடுநிலையான மதிப்பீடு இல்லை. ஆனால் பார்த்ததைத்தான் எழுதினேன்.

14.04.2025

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லாருக்கும். பாதி வெள்ளவத்தை யாழ்ப்பாணம் போய்விட்டது, காலி வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. மகள் கைவிசேஷக் காசில் என்ன வாங்குவாள் என்று கேட்டேன். 41ஆம் இலக்க ஜெர்சியாம். ரைஸின் இலக்கம். அவளுக்கு அவன்தான்.

17.04.2025, அதிகாலை 3.00

இரண்டாவது போட்டியிலும் வென்றோம், 2-1. மட்ரிட்டில். இரண்டும் சேர்த்து மொத்தம் 5-1.

எழுதக் கை நடுங்குகிறது. 13ஆவது நிமிடத்தில் பெனால்டி கிடைத்து, சாக்கா அதை மெதுவாகக் கிண்டிவிடப் பார்த்து கோர்ட்டுவா தடுத்தபோது, சரி, இன்றைக்கு நடக்கப்போகிறது என்று நினைத்தேன். பிறகு அவர்களுக்கு ஒரு பெனால்டி. மத்தியஸ்தர் நிமிடக்கணக்காகப் பார்த்து அதை இல்லை என்றார். அந்த நேரத்தில் நான் பின்விறாந்தையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவிதான் வந்து "இல்லையாம், வாங்க" என்றாள்.

65இல் சாக்கா. அதே சாக்கா, அதே கோர்ட்டுவா, இந்த முறை மேலால் தூக்கிப் போட்டார். இரண்டு நிமிடத்தில் சலிபா அசந்த நேரம் வினிசியஸ். கடைசியில் மார்டினெல்லி தனியே ஓடிப்போய் முடித்தார்.

தெஹிவளைத் தம்பி, இதில் ஃப்ரீ கிக் கோல் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் சொல்லமாட்டேன், உங்களுக்கு இன்று நல்ல நாள் இல்லை என்று தெரியும்.

17.04.2025, இரவு 9.15

தம்பி தனிச்செய்தி அனுப்பியிருந்தார். லொத்தர் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறாராம். கூடவே ஒரு நல்ல கேள்வி: முதல் போட்டியில் மட்ரிட்டின் நடுக்கள வீரர் சுவாமெனி தடையில் இல்லாமல் ஆடியிருந்தால், லூயிஸ்-ஸ்கெல்லி நடுவுக்குள் அப்படிச் சுதந்திரமாக வந்திருப்பானா? நான் இதை யோசிக்கவே இல்லை. வந்திருப்பான், ஆனால் அவ்வளவு இடம் கிடைத்திருக்காது. என் வாதத்தில் கால்வாசியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் முக்கால்வாசியை விடமாட்டேன்.

19.04.2025

நம்மவன் ஒருவன் எப்போதாவது அந்த மட்டத்தில் ஆடுவானா என்று கேட்டவருக்கு: விமல் யோகநாதனைத் தேடிப் பாருங்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்தவர், பார்ன்ஸ்லி அணி. அவரும் நடுக்கள வீரர்தான். யாராவது அவரை லெஃப்ட் பேக்காக நிறுத்தினால் எனக்குச் சொல்லுங்கள்.

08.05.2025, அதிகாலை 3.20

பாரிஸில் முடிந்தது. அரையிறுதியில் தோற்றோம், 2-1, மொத்தம் 3-1. பாரிஸ் அணி எங்களைவிட நன்றாக ஆடியது. அவர்களின் கோல்காப்பாளர் டொன்னருமா ஆரம்பத்தில் தடுத்தவை உள்ளே போயிருந்தால் என்றெல்லாம் எழுதலாம், ஆனால் இன்று அதை எழுத மனம் இல்லை.

வேறொன்றை எழுதவேண்டும். இரண்டாவது பாதியில் ஹக்கீமி அடித்த பந்து லூயிஸ்-ஸ்கெல்லியின் கையில் பட்டது. பெனால்டி. டிவியில் மறுபடி மறுபடி காட்டினார்கள். எனக்கு முழங்கைக்குக் கீழே சுள்ளென்றது, உண்மையாகவே. விட்டின்யா அடித்தார், ரயா தடுத்தார். நான் முன்னறையில், இருட்டில், எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

08.05.2025, காலை 7.10

டொரொன்டோவில் இருந்து ஒரு குரல்செய்தி வந்திருக்கிறது. 2001இல் கோல் காத்த அதே நண்பன். இந்த இழையை ஏப்ரலில் இருந்தே வாசித்துக்கொண்டிருக்கிறானாம். ரயா தடுத்ததைப் பார்த்ததும் சொல்லவேண்டும் போல இருந்ததாம்.

ஏப்ரல் 13இல் எழுதியதில் ஒரு திருத்தம். அவன் மற்றப் பக்கம் பாயவில்லை. சரியான பக்கம்தான் பாய்ந்தான். பந்து விரலில் பட்டு உள்ளே போனது.